இம்பாலாவின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை வீட்டிலேயே பிரிக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பாருங்கள். தாத்தாவின் 1965 ஷெவர்லே இம்பாலா, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஷெட்டில் வருஷக்கணக்காக நின்ற வண்டி, எஞ்சினை நீங்களே ஓட வைத்துவிட்டீர்கள். ரிவர்ஸ் போட்டால் ஒழுங்காகப் பின்னால் போகிறது. டிரைவ் போட்டால் எஞ்சின் மட்டும் கத்துகிறது, கொஞ்ச நேரம் கழித்து வேண்டாவெறுப்பாக நகர்கிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை. கியர் பாக்ஸ் ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் தரையில் சொட்டு பெரிதாக இல்லை. 2015 வெள்ளத்தில் பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் ஆட்டோமேட்டிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மேனுவல் மாட்டச் சொல்கிறார். நீங்கள் மெக்கானிக்கல் டிப்ளமோ, கையில் டூல்ஸ் இருக்கிறது, வீட்டிலேயே பிரித்து ரீபில்ட் பண்ண முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டுமா? நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால், பிரிக்காமலே சரியாகிவிடவும் வாய்ப்பு இருக்கிறது.

நான் இப்போது புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மட்டுமே பார்க்கிற பட்டறையில் பல வருஷம் வேலை. அமெரிக்க வண்டிகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று, ரீபில்ட் பண்ணி மாட்டிய பெட்டி சில மாதத்தில் அதே கோளாறோடு திரும்பி வந்தால், பெரும்பாலும் பிரித்துக் கோர்த்தவன் கையில் தப்பு இருக்காது. முதல் தடவை ஏன் போனது என்று யாரும் தேடாமல், தேய்ந்த பிளேட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். அதனால் நான் கீழே எழுதுவதில் பாதி, பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான். சலிப்பாக இருந்தாலும் படியுங்கள்.

முதலில் எந்தப் பெட்டி என்று உறுதி செய்யுங்கள். 1965 இம்பாலாவில் பெரும்பாலும் இருப்பது பவர்கிளைடு, முன்னால் போக இரண்டே கியர் உள்ளது. ஸ்டியரிங் பக்கத்தில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ என்று ஐந்து நிலை மட்டும் இருந்தால் அநேகமாக அதுதான். ஆனால் அதே 1965-ல் பெரிய எஞ்சின் வண்டிகளுக்கு டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்ற மூன்று கியர் பெட்டியும் வர ஆரம்பித்துவிட்டது. பிற்பாடு யாராவது வேறு பெட்டியை மாற்றியும் இருக்கலாம். அடியில் படுத்து பேன், அதாவது பெட்டியின் அடியில் ஆயில் தங்குகிற தட்டின் போல்ட்டை எண்ணுங்கள். அலுமினிய பவர்கிளைடில் 14 போல்ட், டர்போ 350, 400 இரண்டிலும் 13. பெட்டியின் பக்கவாட்டில் பெயரே வார்ப்பில் எழுதியிருப்பதும் உண்டு, அழுக்கைச் சுரண்டிப் பாருங்கள். 1950-ல் அறிமுகமான பழைய பவர்கிளைடு வார்ப்பிரும்பு உடம்பு, 1962 முதல் வந்தது அலுமினியம். இரண்டுக்கும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆர்டர் போடும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

இது பவர்கிளைடு என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன். உள்ளே நடப்பது எளிதுதான். டிரைவ் போட்டுக் கிளம்பும்போது ஒரு இரும்புப் பட்டை, நாங்கள் பேண்ட் என்போம், ஒரு டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடித்து நிறுத்துகிறது, அதுதான் லோ கியர். வேகம் வந்ததும் பேண்டை விட்டுவிட்டு அந்த டிரம்முக்குள்ளேயே இருக்கிற ஹை கிளட்ச் பிடிக்கிறது, அது நேர் கியர். ரிவர்ஸுக்குப் பின்னால் தனியாக ஒரு கிளட்ச். இந்த மூன்றையும் இயக்குவது ஆயில் அழுத்தம். ஆகவே எந்த நிலையில் பிடிக்கிறது, எதில் வழுக்குகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை என்றால் பம்ப், ஆயில் அளவு, வடிகட்டி, கன்வர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது) என்று பொதுவான இடங்களைப் பார்க்க வேண்டும். கிளம்புவது சரி, கியர் மாறிய பிறகு எஞ்சின் கத்துகிறது என்றால் ஹை கிளட்ச். நியூட்ரலிலேயே வண்டி முன்னால் நகரப் பார்த்தால் அந்த ஹை கிளட்ச் எரிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்களுடையது ரிவர்ஸ் நன்றாக, கிளம்புகிற கியர் மட்டும் வழுக்கல். அப்படியானால் சந்தேகம் பேண்ட் மீதோ, அதைத் தள்ளுகிற சர்வோ பிஸ்டன் மீதோ போகிறது. அல்லது இரண்டும் நன்றாகவே இருந்து அழுத்தம் மட்டும் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் ரிவர்ஸில் இந்தப் பெட்டி வழக்கத்தைவிட அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். ஆயில் குறைந்து பம்ப் காற்றை இழுக்கிற நிலையிலும் ரிவர்ஸ் ஒப்பேற்றிவிடும், டிரைவ் வழுக்கும்.

இங்கேதான் அந்த வெள்ளைப் புகை வருகிறது. பெட்டியின் பின்பக்கம், ஒரு சின்ன டப்பி மாதிரி வேக்கம் மாடுலேட்டர் என்று ஒன்று இருக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் அதற்கு வரும், அந்த உறிஞ்சுகிற இழுப்பைத்தான் வேக்கம் என்கிறோம். எஞ்சின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்று அந்த வேக்கத்தை வைத்துத்தான் பெட்டி தெரிந்துகொண்டு அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. அதற்குள்ளே இருக்கிற ரப்பர் டயாஃப்ரம் அறுபது வருஷம் தாங்குகிற பொருள் கிடையாது. அது கிழிந்தால் எஞ்சின் அந்தக் குழாய் வழியாகவே கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். தரையில் சொட்டு இருக்காது, ஆயில் குறையும், புகை வரும். நீங்கள் சொன்ன மூன்றும் இதுதான். சோதிப்பது ஐந்து நிமிஷ வேலை. எஞ்சினை நிறுத்திவிட்டு மாடுலேட்டர் முனையிலிருந்து அந்த ரப்பர் குழாயைப் பிடுங்குங்கள், ஒரு வெள்ளைத் துணி முனையை முறுக்கி உள்ளே விட்டுத் திருப்புங்கள். துணியில் சிவப்பு ஆயில் வந்தால் மாடுலேட்டர் போய்விட்டது என்பது நிச்சயம். உலர்ந்த தூசி மட்டும் வந்தால் புகைக்கு வேறு காரணம் தேட வேண்டும், குறிப்பாக ஹெட் கேஸ்கட். அப்போது ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று பாருங்கள். மாடுலேட்டர் விலை குறைந்த பாகம், வண்டி மேலேயே ஸ்பேனர் போட்டு மாற்றலாம். அதோடு அந்த ரப்பர் குழாயையும் முழுசாக மாற்றிவிடுங்கள். குழாய் வெடித்திருந்தால் வேக்கமே போய்ச் சேராது, பெட்டி எப்போதும் முழுச் சுமை என்று நினைத்து அழுத்தத்தை உச்சத்தில் வைத்து, கியர் மாறும்போது வண்டியை உலுக்கும்.

ஆயில் அளவு பார்ப்பதிலும் நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது, எஞ்சின் ஆயில் மாதிரியே காலையில் வண்டி ஓடாத நேரத்தில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது. அப்போது கன்வர்ட்டரில் இருப்பதும் வடிந்து பேனுக்கு வந்திருக்கும், அளவு தாராளமாக இருப்பது போலத் தெரியும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பெட்டி நன்றாகச் சூடான பிறகு, எஞ்சின் ஐடிலில் ஓட, நியூட்ரலில் வைத்துப் பாருங்கள். ஊற்ற வேண்டியது டெக்ஸ்ரான் 3 வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் பெட்டிக்கென்றே உள்ள ஆயில், நல்ல ஆயில் கடைகளில் கிடைக்கும். 90 நம்பர் கியர் ஆயில், டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் எதையும் யார் சொன்னாலும் ஊற்றாதீர்கள். அளவு சரியான பிறகு டிரைவ் உடனே பிடித்தால், கதை முக்கால்வாசி முடிந்தது.

பிடிக்கவில்லையா, அடுத்தது லிங்கேஜ். ஸ்டியரிங் அடியிலிருந்து பெட்டிக்குப் போகிற கம்பியில் புஷ் தேய்ந்து லொடலொடவென்று இருந்தால், முள் டிரைவில் நிற்கும், உள்ளே வால்வு நியூட்ரலுக்கும் டிரைவுக்கும் நடுவில் நிற்கும். கம்பியைக் கழற்றிவிட்டு பெட்டியின் லீவரைக் கையாலேயே ஒவ்வொரு பள்ளமாக நகர்த்திப் பாருங்கள். கையால் தள்ளும்போது பிடித்தால் கோளாறு வெளியேதான்.

அப்புறம் பேண்ட் அட்ஜஸ்ட்மெண்ட். பெட்டியின் இடது பக்கம் வெளியே ஒரு ஸ்க்ரூ, மேலே லாக் நட். நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை 70 இஞ்ச் பவுண்டுக்கு இறுக்கி, சரியாக நாலு சுற்று பின்னால் எடுத்து, ஸ்க்ரூ நகராமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். பேண்ட் புதுசாக இருந்தால் மூன்று சுற்று. 70 இஞ்ச் பவுண்ட் என்பது சுமார் 8 நியூட்டன் மீட்டர்தான். ஃபுட் பவுண்ட் ரெஞ்சை எடுத்து 70 என்று வைத்து இறுக்கினால் பன்னிரண்டு மடங்கு, உள்ளே எதையாவது உடைத்துவிட்டுத்தான் நிற்கும். வீட்டு டூல் பாக்ஸில் சாதாரணமாக இருக்கிற டார்க் ரெஞ்ச் இந்தச் சின்ன அளவுக்கு ஒத்துவராது, சைக்கிள் கடைக்காரர்கள் வைத்திருக்கிற சின்ன ரெஞ்சைக் கடன் வாங்குங்கள். இன்னொன்று, ஆர்வத்தில் ஸ்க்ரூவை அளவுக்கு மீறி வெளியே எடுத்துவிடாதீர்கள். பேண்டின் முனையில் முட்டுக் கொடுக்கிற துண்டு உள்ளே நழுவி விழுந்தால் பெட்டியை இறக்குவதைத் தவிர வழி இல்லை. சர்வோ மூடி வலது பக்கம் மூன்று போல்ட்டில் இருக்கிறது, அதன் சீலையும் வண்டி மேலேயே மாற்ற முடியும், இதே எச்சரிக்கையோடு.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பேன். பேனை ஒரு பக்கம் மட்டும் தளர்த்தி ஆயிலை அகலமான சட்டியில் விடுங்கள், பிறகு அதன் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிற மை போல இருந்தால் வயசுக்கு அது சகஜம். கருப்புச் செதில், எரிந்த வாடை இருந்தால் பேண்டோ கிளட்சோ தீய்ந்திருக்கிறது. பொன் நிறத்தில் மினுக்குகிற தூள் இருந்தால் புஷ்ஷும் த்ரஸ்ட் வாஷரும் தேய்கின்றன. ரோஜா மில்க் நிறத்தில் ஆயில் வந்தால், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் பெட்டி இறங்கித்தான் ஆக வேண்டும், ஆயில் மாற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கிளட்ச் பிளேட் மேல் இருக்கிற லைனிங் காகித வகை, பசையால் ஒட்டியது. தண்ணீரோ கூலண்டோ பட்டால் பசை விட்டுப்போகும். இன்றைக்கு ஓடும், நாலு மாதம் கழித்து உரிந்து வந்து வடிகட்டியை அடைக்கும்.

வெள்ளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதிச் சக்கரம் என்றால் பெட்டியின் அடிப்பாகம் முழுகியிருக்கும். ஆனால் ஸ்டிக் குழாயின் வாய் எஞ்சின் மேலே உயரத்தில் இருக்கிறது, மூச்சுத் துளை பெட்டியின் மேல்பக்கம், அந்த வழியாக அன்றைக்குத் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு குறைவு. பின்பக்கம் ஷாஃப்ட் நுழைகிற இடத்து சீல் காய்ந்திருந்தால் அந்த வழியாகக் கசிந்திருக்கலாம். இங்கிருந்துகொண்டு என்னால் அடித்துச் சொல்ல முடியாது, பேனைத் திறந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். தண்ணீர் போக இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதன் மேல்தான் அதிகச் சந்தேகம். கியர் பாக்ஸ் ஆயில் குளிர்வது ரேடியேட்டர் தொட்டிக்குள் இருக்கிற ஒரு சின்னக் குழாயில். போர்வெல் உப்புத் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றிய ரேடியேட்டரில் அந்தக் குழாய் அரித்து, தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும். சில ரேடியேட்டர் கடைகளில் அந்தக் குழாய் எதற்கென்று தெரியாமல் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு ஆயில் லைனையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் தாத்தா காலத்தில் ரேடியேட்டர் கை வைக்கப்பட்டதா என்று வீட்டில் விசாரியுங்கள், லைன் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து பாருங்கள்.

சரி, இறக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், எப்போது, எங்கே என்பதை முதலில் யோசியுங்கள். நம் கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். துடைத்து வைத்த ஸ்டீல் பிளேட்டில் விரல் ரேகை பட்ட இடம் மறுநாள் காலையில் துருவாக நிற்கும். மாசி, பங்குனி நல்ல காலம். சாயங்காலம் கடல்காற்று கிளம்பினால் மணலும் சேர்ந்து வரும், அதனால் திறந்த ஷெட்டை விட ஜன்னல் சாத்தக்கூடிய ஒரு அறை மேல். கழுவிய பாகம் ஒவ்வொன்றையும் ஏடிஎஃப் தடவி பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். நம் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிற பனியன் வேஸ்ட் இந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. அதிலிருந்து விழுகிற ஒரு நூல் போதும் ஒரு வால்வு சிக்கிக்கொள்ள. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள், துடைக்கவே வேண்டாம். பழைய பேண்ட், கிளட்ச் தூளை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் இருக்கலாம், நனைத்தே அள்ளுங்கள்.

பெட்டியை இறக்கும்போது கன்வர்ட்டரையும் சேர்த்தே இறக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், நாலு ஸ்டாண்டு வேண்டும், பெட்டிக்குத் தனி ஜாக்கி, கூட ஒரு ஆள். அலுமினியம்தானே என்று நெஞ்சின் மேல் வாங்கிக்கொள்ளப் பார்த்தவர்கள் உண்டு. மேஜைக்கு வந்ததும், எதையும் கழற்றுவதற்கு முன்னால் இன்புட் ஷாஃப்ட்டில் டயல் கேஜ் வைத்து முன்பின் ஆட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். 28 முதல் 59 தவு (ஒரு தவு என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கலாம், அதாவது சுமார் முக்கால் மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் வரை. கூடுதலாக இருந்தால் பம்புக்குப் பின்னால் இருக்கிற வாஷரின் தடிமனை மாற்றிச் சரிசெய்ய வேண்டும். பிரித்த பிறகு இந்த அளவு உங்களுக்குக் கிடைக்காது, அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கிற வால்வ் பாடிதான் எல்லாரும் பயப்படுகிற இடம். பயம் வேண்டாம், அவசரம்தான் வேண்டாம். ஒரு வால்வை உருவினால் அதன் ஸ்பிரிங்கோடு சேர்த்து வரிசையாக ஒரு இட்லித் தட்டின் குழிகளில் வையுங்கள், ஒவ்வொரு குழிக்கும் போனில் ஒரு படம். எங்கள் பட்டறையில் இதற்கென்றே ஒரு பழைய எவர்சில்வர் தட்டு இருக்கிறது, வீட்டுக்காரம்மா அதைத் திரும்பக் கேட்பதை விட்டுவிட்டார். சுத்தம் செய்த பிறகு வால்வ் பாடியைச் செங்குத்தாகப் பிடித்தால் வால்வு தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் உடனே எமரித் தாளை எடுத்துத் தேய்க்காதீர்கள். அந்த வால்வின் விளிம்புகள் கூர்மையாக இருப்பது காரணத்தோடுதான், துவாரத்தில் ஒட்டுகிற அழுக்கை அந்த விளிம்புதான் வழித்துத் தள்ளுகிறது. விளிம்பை மழுக்கினால் அழுக்கு இடுக்கில் புகுந்து வால்வு நிரந்தரமாகச் சிக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, விரலால் சுழற்றிச் சுழற்றி விடுவிப்பதுதான் முறை.

கிளட்ச் டிரம்மைப் பிரிக்க ஸ்பிரிங்குகளை அமுக்கிப் பிடிக்கிற ஒரு டூல் வேண்டும். வாங்க வேண்டியதில்லை, ஒரு நீளப் போல்ட், இரண்டு தடித்தகடு, லேத் பட்டறையில் சொன்னால் அரை நாளில் செய்துகொடுப்பார்கள். சர்க்ளிப் கழற்றும்போது முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள். பிஸ்டன் சீல் மாட்டுவதற்குத்தான் பொறுமை தேவை. சீலின் உதடு உள்ளே போகும்போது மடங்கிவிடும், மடங்கியது வெளியே தெரியாது, மாட்டி ஓட்டினால்தான் தெரியும். வேசலினைத் தாராளமாகத் தடவி, முனை மழுங்கிய மெல்லிய பில்லர் கேஜ் தகட்டால் உதட்டை உள்பக்கம் ஒதுக்கிக்கொண்டே பிஸ்டனைச் சுழற்றி இறக்குங்கள். வீல் பேரிங் கிரீஸ் கூடாது, அது கரையாமல் துவாரத்தை அடைக்கும். வேசலின் சூட்டில் ஏடிஎஃப்போடு கலந்துவிடும். புது கிளட்ச் பிளேட்டைக் குறைந்தது அரை மணி நேரம் ஏடிஎஃப்பில் ஊறவைத்த பிறகே மாட்டுங்கள். எத்தனை பிளேட் என்பது எஞ்சினுக்குத் தக்க மாறும், அதனால் உள்ளே இருந்த எண்ணிக்கையைக் குறித்து அதையே திரும்பப் போடுங்கள். பேண்ட் உட்காருகிற டிரம்மின் வெளிப்பரப்பு நீலம் பாய்ந்தோ வரி விழுந்தோ இருந்தால் புது பேண்ட் போட்டுப் பயனில்லை, டிரம்மையும் பாருங்கள். மூடுவதற்கு முன்னால் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஆயில் துவாரத்தில் விட்டால், பிஸ்டன் டப்பென்று அடித்து உட்காருகிற சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வராமல் புஸ்ஸென்று போனால் சீல் மடங்கியிருக்கிறது, மறுபடி பிரியுங்கள். மேஜை மேல் இருக்கும்போது அது அரை மணி வேலைதான்.

வீட்டில் முடியாதது இரண்டு. ஒன்று கன்வர்ட்டர். அது வெல்டிங் செய்து மூடியது. உள்ளே தூளோ தண்ணீரோ போயிருந்தால் ஆயில் விட்டுக் குலுக்கி ஊற்றுவதால் வெளியே வராது. லேத்தில் வெட்டித் திறந்து, கழுவி, மறுபடி வெல்ட் அடித்து பேலன்ஸ் பார்க்க வேண்டும், அல்லது வேறொன்று வாங்க வேண்டும். வெட்டித் தருகிறேன் என்று சொல்கிற லேத் கிடைக்கும், பேலன்ஸ் பார்க்கத் தெரிந்தவர்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இரண்டாவது பம்ப் புஷ் மாற்றுவது. கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் முன் சீல் ஒழுகும், நல்ல லேத்காரரிடம் விட்டுவிடுங்கள்.

பாகங்களுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1973-ல் தயாரிப்பு நின்றுபோன பெட்டி இது, ஆனால் அமெரிக்காவில் டிராக் ரேஸ் ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் விரும்புகிறார்கள். கியர் குறைவு, எடை குறைவு, சொன்னபடி கேட்கும். அதனால் சீல் செட், பிளேட், பேண்ட் எல்லாம் புதிதாகவே செய்து விற்கிறார்கள். பாகத்தின் விலையை விட அனுப்புகிற கூலியும் கஸ்டம்ஸ் டூட்டியும்தான் வலிக்கும், எனவே துண்டு துண்டாக வாங்காமல் ஒரே பார்சலாக வரவழையுங்கள். ரேஸுக்கான சாமான்களை மட்டும் தவிருங்கள். கையால் மட்டுமே கியர் மாறுகிற வால்வ் பாடியைத் தெரியாமல் வாங்கினால், உங்கள் ஆட்டோமேட்டிக் பாதி மேனுவலாகிவிடும். பேரிங், சாதாரண ஓ-ரிங், ஆயில் சீல் போன்றவற்றைச் சென்னை ஜி.பி. ரோடில் அளவு கொடுத்துத் தேடலாம், ஆனால் பிஸ்டனின் உதட்டு சீலுக்கு அங்கே மாற்று தேடாதீர்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பென்ஸ் 123 என்ற பழைய மாடல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த நாலு கியர் பெட்டி வேறு சாதி, மேலே சொன்ன அளவு எதையும் அதற்குப் போடாதீர்கள். டீசல் 123-ல் கியர் உலுக்கினால் பெட்டியைத் தொடுவதற்கு முன் எஞ்சினில் இருக்கிற வேக்கம் பம்பையும் குழாய்களையும் பாருங்கள்.

மேனுவல் மாட்டச் சொன்ன மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் இந்த வயசு ஆட்டோமேட்டிக் கைக்கு வருவதே அபூர்வம், தெரியாததைத் தொட்டு உங்கள் வண்டியைக் கெடுப்பதை விட அவர் சொன்னது நேர்மை. ஆனால் அதுவும் சும்மா முடிகிற வேலை இல்லை. கிளட்ச் பெடல், ஃபிளைவீல், பெல் ஹவுசிங், ஷாஃப்ட் நீளம் எல்லாம் மாறும். அத்தனைக்கும் ஆகிற செலவில் இந்தப் பெட்டியை உட்கார்ந்து ஒழுங்காகக் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. யாராவது வண்டியைக் கட்டி இழுத்துத் தன் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகிறேன் என்றால் முதலில் பின்னால் போகிற ஷாஃப்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடாமல் சக்கரம் சுழன்றால் பெட்டிக்குள் போதிய ஆயில் போகாமல் இருக்கலாம், நன்றாக இருக்கிற புஷ்ஷும் வழியிலேயே போய்விடலாம்.

திரும்ப ஏற்றும்போது ஒரே ஒரு இடத்தில் கவனம் சிதறக் கூடாது. கன்வர்ட்டரைப் பெட்டிக்குள் தள்ளிச் சுழற்றிக்கொண்டே இருங்கள், படிப்படியாக உள்ளே விழுந்து கடைசியில் பம்ப் கியரில் போய்ச் சிக்க வேண்டும். சிக்காமல் போல்ட்டை இறுக்கி இழுத்தால் பம்ப் அப்போதே உடைந்துவிடும், நீங்கள் ஸ்டார்ட் பண்ணிய பிறகுதான் தெரியும். பெல் ஹவுசிங் எஞ்சினோடு கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும், உட்கார்ந்த பிறகும் கன்வர்ட்டருக்கும் அதை மாட்டுகிற எஞ்சின் பக்கத்து வட்டத் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் இறக்கி மறுபடி பாருங்கள். முதலில் நாலு லிட்டர் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, ஓட ஓடக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவுக்குக் கொண்டுவாருங்கள். பின் சக்கரத்தைத் தூக்கி வைத்து எல்லா நிலையிலும் பிரேக் மேல் கால் வைத்தபடி ஒரு சுற்று மாற்றிப் பாருங்கள். அப்புறம் தெருவுக்குள்ளேயே ஓட்டுங்கள், முதல் நாளே ஈசிஆர் பக்கம் போக வேண்டாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பேனை மறுபடி இறக்கி, வடிகட்டியைக் கழுவி, பேண்டை ஒரு தடவை அளந்து வைத்துவிட்டு மூடுங்கள்.